சத்தம் வெளியே போகாத அறை

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நானும் என் மனைவியும் வில்லாபுரத்தில் ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். ஓர் அடுப்படி, ஒரு கூடம், விறகு போட்டுவைக்கக் கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. முன்கட்டில் வீட்டுக்காரர் குடும்பம். நான் பஞ்சாலை ஒன்றில் குமாஸ்தா.

பேரையூரில் தனியாக இருந்த என் அய்யாவுக்கு முதுகெலும்பில் புற்று என்றார்கள். ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். விறகறையைக் காலி செய்து, கயிற்றுக் கட்டில் போட்டு அவரைக் கிடத்தினேன். புத்தி தெளிவாகத்தான் இருந்தது. வலி வரும்போது கத்துவார். கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்து, மாடுகளை அதட்டியே பழகிய தொண்டை. நாலு வீடு தள்ளிக் கேட்கும்.

பத்து நாள் பொறுத்துவிட்டு வீட்டுக்காரர் வந்தார். அறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

“தம்பி, ஐப்பசியில என் மகளைப் பொண்ணு பாக்க வாராக. இந்தச் சத்தத்தைக் கேட்டா வாசல்லயே திரும்பிருவாக. பெரியவரை ஊருக்கு அனுப்பிருங்க.”

“ஊர்ல பாக்க ஆளில்லண்ணே.”

“அப்ப சத்தம் வராமப் பாத்துக்கங்க. ரெண்டும் முடியாதுன்னா வேற வீடு பாருங்க.”

அந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் எல்லாப் பழியையும் அவர்மேல் போட என்னால் முடியாது. சோற்றில் கை வைத்ததும் அய்யா கத்தத் தொடங்கினால் எனக்கு ஆத்திரம் வரும். பரிதாபம் முதல் வாரத்தோடு தீர்ந்திருந்தது.

கையில் காசில்லை. ஆலையில் கழித்துப்போட்ட அழுக்குப் பஞ்சை மேஸ்திரியிடம் கேட்டு மூட்டையாகக் கட்டி வந்தேன். தவச தானியக் கடையில் கிழிந்த சாக்குகளைச் சும்மா கொடுத்தார்கள். என் மனைவி கோணி ஊசியால் கிழிசலைத் தைத்தாள். சாக்குகளில் பஞ்சை அடைத்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். ஜன்னலை வைக்கோலும் களிமண்ணும் குழைத்து மூடினேன். கதவிடுக்கில் பழைய சேலையைத் திரித்துச் செருகினேன். கட்டிலில் கிடந்தபடியே அய்யா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவராகவே சொன்னார்.

“மேல கூரைய விட்டுட்டியேப்பா. சத்தம் அது வழியாத்தான போகும்.”

சரிதான். ஓட்டுக்குக் கீழே கயிறு கட்டி, அங்கும் சாக்குகளைப் பரப்பினேன். அறை இருட்டாகி, அடுப்புக்குள் இருப்பதுபோல் வெந்தது. பிறகு என் மனைவியை வாசலில் நிற்கவைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

“அய்யா, ஒருவாட்டி கத்துங்க.”

“வலிச்சாத்தான் கத்த வருது. சும்மா எப்படிக் கத்த?”

“சும்மா கத்துங்கய்யா. அவ வெளிய நிக்கிறா.”

அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு இல்லாத மாடுகளை அதட்டத் தொடங்கினார். ஹை, ஹை என்று கழுத்து நரம்பு புடைக்க அதட்டினார். இருமல் வந்தது. அடங்கியதும் மறுபடி அதட்டினார். நான் வெளியே போய்க் கேட்டேன்.

“லேசாக் கேக்குது” என்றாள்.

கதவில் இன்னும் இரண்டு சாக்கு அடித்தேன். மறுபடி கத்தச் சொன்னேன். அன்று நாலு தரம் கத்தவைத்தேன். கடைசியில் அவள் கையை விரித்துக் காட்டினாள். உள்ளே வந்து அவரிடம் சொன்னேன்.

“கேக்கலய்யா.”

“அப்பச் சரி” என்றார். “இனிமே தாராளமாக் கத்தலாம்.”

அதன் பிறகு எங்கள் வீட்டில் நிம்மதி வந்தது. என் மனைவி அரிசி புடைக்கும்போது பாட்டு முணுமுணுத்தாள். ஐப்பசியில் பெண் பார்க்க வந்தவர்களுக்குச் செய்த கேசரியில் எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. காலையில் கஞ்சியும் மாலையில் சோறும் கொடுக்கத்தான் அறைக்குள் போனோம். ஒருநாள் மாலை கதவைத் திறந்தபோது தண்ணீர்ச் செம்பு கவிழ்ந்து கிடந்தது. அவர் குரல் கம்மிப்போயிருந்தது.

“காலையிலேருந்து கூப்புடுறேன்” என்றார். “கதவைக் கொஞ்சம் திறந்து வையேன்.”

“வீட்டுக்காரர் சத்தம் போடுவாருய்யா.”

அந்த நேரம் வீட்டுக்காரர் குடும்பத்தோடு எழுமலைக்குப் போயிருந்தார். அய்யாவுக்கு அது தெரியாது.

“சரி, சாத்து” என்றார்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு விடுமுறை. அன்று கறிக்குழம்பு. கூடத்தில் உட்கார்ந்து இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு கொஞ்சம் கண்ணயர்ந்தேன். மாலையில் சோற்றுத் தட்டோடு போன என் மனைவி, “ஏங்க, கதவு திறக்க மாட்டேங்குது” என்றாள்.

இருவரும் சேர்ந்து தள்ளித் திறந்தோம். அய்யா கட்டிலிலிருந்து இறங்கி, தவழ்ந்து வந்து, கதவை அடைத்தபடி கிடந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. கதவடிச் சாக்கைப் பிய்த்துப் பஞ்சையும், இடுக்கில் செருகியிருந்த சேலையையும் உருவியிருந்தார். விரல் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. உள்ளே நின்று கதவைச் சாத்திவிட்டு, குனிந்து அதன் வழியே பார்த்தேன். நான் சாப்பிட்ட இடம் நேராகத் தெரிந்தது. இலையைக்கூட இன்னும் எடுக்கவில்லை.

யாரும் வருமுன், கீழே கிடந்த பஞ்சை எடுத்து அந்தச் சந்தில் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தேன்.

சேதி சொன்னதும் வீட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

“சத்தமே இல்லையே தம்பி, குணமாயிட்டு வாராருன்னுல நெனச்சேன்.”

“ஆமாண்ணே” என்றேன். “நேத்துக்கூட நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாரு.”

நேற்று நான் அந்த அறைப் பக்கமே போயிருக்கவில்லை. என் மனைவி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வாய்க்கரிசிக்கு அரிசி எடுக்க உள்ளே போனாள். நாங்கள் அந்த வீட்டில் இன்னும் ஆறு வருஷம் இருந்தோம்.