எட்டுக்கு எட்டு

மாடியில் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா; கீழே நாங்கள். பெரியம்மாவும் அப்பாவும் முகம் பார்த்துப் பேசி வருடங்களாகின்றன. வேலை விஷயமாகப் போனில் பேசுவார்கள். அதுவும் சண்டைதான்.

சின்ன விமான நிலையமொன்றில் வானம் பார்ப்பது பெரியம்மாவின் வேலை. ஓடுபாதை ஓரத்தில் நின்று, வானத்தை எட்டுக் கூறாக எண்ணி, எத்தனை கூறில் மேகம் என்று எழுதுவார். இருபத்திரண்டு வருடம். அப்பா செயற்கைக்கோள் படங்களைப் படிக்கும் அதிகாரி. படமே போதும், ஆள் வேண்டாம் என்று மேலிடத்துக்கு எழுதியவர் அவர்தான். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சோதனை வைத்தார்கள். படமும் பெரியம்மாவும் ஒத்துப்போகாத நாட்களுக்கு அப்பாவின் படிவத்தில் ஒரே கட்டம்: ‘பார்வையாளர் பிழை’. செயற்கைக்கோளின் பிழைக்குக் கட்டமே இல்லை. பன்னிரண்டு சேர்ந்தால் பெரியம்மாவுக்கு வேலை போய்விடும். பதினொன்று சேர்ந்திருந்தது.

அன்று விடியும் முன்பே அப்பா சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணி, எட்டுக்கு எட்டுன்னு அனுப்பியிருக்கீங்க. படத்துல துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு வானம்.”

“அப்ப இங்கயும் வந்து துடைச்சுட்டுப் போங்க மாப்பிள்ளை. எதிர்ல இருக்கிற விளக்குக் கம்பமே தெரியலை.”

“கருவி பொய் சொல்லாது.”

“இருட்டுல அது சூட்டை மட்டுந்தான் பார்க்கும். இந்த மேகம் தரையோட ஒட்டிக் கிடக்கு. தரை எவ்வளவு ஜில்லுன்னு இருக்கோ இதுவும் அவ்வளவுதான். அதுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். உங்களுக்கும் அப்படித்தான்.”

அப்பாவின் காது சிவந்தது. “பூஜ்யம்னு மாத்துங்க. இல்லைன்னா இது பன்னிரண்டாவது. அப்புறம் என் பொண்டாட்டிகிட்ட வந்து அழக் கூடாது.”

“உங்களைக் கட்டிக்கிட்டு அவ அழுதது போதாதா? விமானம் இறங்க வந்துட்டிருக்கு. எட்டுதான். எழுதிக்கோங்க.”

அப்பா எழுதினார்: பார்வையாளர் பிழை, பன்னிரண்டு.

பெரியம்மாவின் எட்டை நம்பி அந்த விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். சூரியன் எழுந்ததும் வெளிச்சத்தில் எடுத்த படம் வந்தது. ஓடுபாதை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் போர்வை. அப்பா நெடுநேரம் பார்த்தார். படிவத்தை அப்படியே அனுப்பிவிட்டுக் கணினியை மூடினார். நான் அவர் பின்னால் நின்றிருந்தேன்.

மாலையில் பெரியம்மா மழைக்கோட்டும் பிளாஸ்க்குமாக எங்கள் வாசலில் நின்றார்.

“வேலை போச்சு. சந்தோஷந்தானே? வெளிச்சம் வந்தப்புறம் எடுத்த படத்தைப் பார்த்தீங்களா?”

“பார்க்கலை,” என்றார் அப்பா.

“பார்த்தார், பெரியம்மா,” என்றேன்.