தொரையோட கிளாஸு

ஆந்திரா பார்டர்ல நகரின்ற ஊருல நாங்க வாடகைக்கு இருந்த வீட்ட ஊரே தொரை பங்களான்னுதான் சொல்லும். எந்தக் காலத்துலயோ ஒரு வெள்ளைக்காரன் கட்டினது. பின்கட்டுல அவன் குடித்தனம், முன் ஹாலுல பிராந்திக் கடை. மெட்ராஸ் ரோட்டுல போற சோல்ஜருங்க குதிரைய வாசல்ல கட்டிப்போட்டுட்டுக் குடிப்பாங்களாம். ஹாலுக்குக் கீழ பீப்பாய் வைக்கற நிலவறை, பின்வாசல்கிட்ட அதுக்கு எறங்கற படி. தொரை அங்கதான் செத்தான்னு பேச்சு. அதனால குடியிருக்கறவங்க ஆடிக்கு ஆடி ஒரு கிளாஸு பிராந்தியும் ஒரு சுருட்டும் கீழ வைக்கணும். வீட்ட காலி பண்றப்பவும் வைக்கணும். சுருட்டு அணைஞ்சப்புறம்தான் கிளாஸ எடுக்கணும். அந்தக் கிளாஸுகூட பழைய கடையோடதுதான்.

எங்க நைனா ஒரு சொட்டு குடிச்சவரில்ல. பாட்டிலும் கையுமா எவனாவது பாத்தா மானம் போயிடும்னு, எங்ககிட்டகூட சொல்லாம திருட்டுத்தனமா போய் வெச்சிட்டு வருவாரு.

ரோடு அகலப்படுத்த வீட்ட இடிக்கறாங்கன்னு ஆச்சு. ஜேசிபி வந்த அன்னிக்கு, சாமான ஏத்திட்டு, ஸ்ரீ சிட்டி கம்பெனி வேலைக்கு லீவு போட்ட நான் வெளிய நிக்கறேன். நைனாவ காணோம்.

"டீ குடிக்கப் போயிருக்கும்"னு அம்மா சொல்லுச்சி.

முன் சுவரு விழுந்திச்சி. புழுதி அடங்கினதும் பாக்கறேன், பின்வாசல்ல அவரு செருப்பு. ஐயோ, கீழ இருக்காரு!

"ஆபு! நிறுத்துய்யா! லோபல, உள்ள எங்க நைனா இருக்காருய்யா!" தெலுங்கும் தமிழுமா கத்தறேன். அந்த டிரைவர் காதுல இயர்போன். இரும்புக் கை மறுபடியும் மேல போவுது. ஒரு செங்கல்ல எடுத்து அவன் வண்டிக் கண்ணாடி மேலயே வீசினேன். அப்பதான் நிறுத்தினான்.

நான் பின்வாசலுக்கு ஓடறேன். நைனா இருமிக்கினே படியேறி வராரு.

"அறிவிருக்கா உனக்கு? வா வெளிய!"

"கத்தாதம்மா. சுருட்டு இன்னும் அணையல. ஒரு நிமிசம் நிறுத்தி வைக்கச் சொல்லு, கிளாஸ எடுத்துக்கினு வந்திடறேன்."

சொல்லிக்கினே திரும்பி இறங்கப் போறாரு. மணிக்கட்ட புடிச்சி இழுத்தேன். அவரு உதறறாரு, நான் விடல. ரெண்டு பேரும் வாசப்படிக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தோம். பின்னாடி, முன் சுவரு விழுந்த பாரம் தாங்காம ஹாலுத் தரை மொத்தமா உள்ள போச்சு.

நான் ஓன்னு அழுதேன். அவரையே நாலு அடி அடிச்சேன்.

"தொரை கிளாஸு தொரைகிட்டயே போச்சு, போட்டும் வுடு"ன்னாரு. வாய்தான் அப்படி சொல்லுச்சி, குழிப் பக்கம் எட்டி எட்டிப் பாத்துக்கினே இருந்தாரு.

இப்ப அங்க ரோடுதான். நானும் நைனாவும் போற திருப்பதி பஸ்ஸு அந்த இடத்த தாண்டறப்பல்லாம் என் கை தானா போய் அவரு மணிக்கட்ட புடிச்சிக்குது. அவரு உதறறதில்ல.