களத்தில் கிழித்த இரண்டு கோடுகள்

எழுபதுகளின் கடைசியில் சேலத்தில் எம்.ஏ. அரசியல் படித்தேன். ஒருநாள் பேராசிரியை கரும்பலகையில் இரண்டு கோடுகள் போட்டார். படுக்கைக் கோடு பொருளாதாரம்: எல்லாம் அரசாங்கத்திடம் என்பவர் இடது கோடி, தனியாரிடம் என்பவர் வலது கோடி. குத்துக் கோடு சமூகம்: பழைய கட்டுப்பாடு மேலே, அவரவர் விருப்பம் கீழே. "வீட்டில் ஒவ்வொருவரையும் கேட்டு, அவரவர் இடத்தில் புள்ளி வைத்து வாருங்கள்" என்றார்.

நாமக்கல் பக்கத்திலிருந்த எங்கள் தோட்டத்துக்குப் போகும்போதே புள்ளிகள் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அண்ணன் நூல் மில் தொழிற்சங்கத்தில் இருந்தான். அப்பாவுக்கோ சங்கம் என்ற சொல்லே ஆகாது. எனக்கு வேறொரு நினைப்பும் இருந்தது. உடன் படித்த சேலத்துக் கத்தோலிக்கர் ஒருவரைக் கட்டிக்கொள்ள விரும்பினேன். எனக்காக அப்பாவிடம் அண்ணன் பேசுவான் என்று நம்பியிருந்தேன்.

கடலைக்காய் காய்ந்த சிமெண்டுக் களத்தில் கரித்துண்டால் கோடு கிழித்தேன்.

"மில்லையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கோணும்" என்றான் அண்ணன்.

"எடுத்து? பஸ்ஸு ஓட்டற லட்சணந்தான் தெரியுதே!" என்றார் அப்பா.

நினைத்தபடியே இருவரும் ஆளுக்கொரு கோடியில் இருந்தார்கள். பிறகு குத்துக் கோட்டுக்காகக் கேட்டேன்: "பொண்ணு வேற சாதியில, வேற மதத்துல கட்டிக்கிறேன்னா?"

அண்ணன் யோசிக்கவே இல்லை. "வெட்டிப் போட்டுருவேன். மில்லு வேற, ஊடு வேற அம்மிணி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். தோட்டத்துக் கூலியாட்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் அவன்.

அப்பா கடலைக்காயைக் காலால் பரப்பிக்கொண்டிருந்தார். "உனக்கென்னடா? வாழப்போறது அவ. புடிச்சாக் கட்டிக்கட்டும்" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏஞ்சாமி, ஆரு பையன்?"

நான் பொதுவாகத்தானே கேட்டிருந்தேன்! "சேலத்துப் பையனுங்கப்பா... வேதக்காரங்க" என்றேன். அண்ணனின் சிரிப்பு நின்றது. எழுந்து துண்டை உதறிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

அடுத்த வருடம் பதிவாளர் அலுவலகத்தில் நடந்த எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட அப்பா வந்தார். வரும் வழியெல்லாம் சங்கத்துக்காரர்களைத் திட்டிக்கொண்டே வந்தார். அழுதுகொண்டிருந்த என் மாமியாரிடம், "அழுவாதீங்க. ரெண்டும் படிச்சதுங்க, பொழச்சுக்கும்" என்றார். அண்ணன் வரவில்லை. குழந்தை பிறந்தபோதும் வரவில்லை.

பல வருடம் கழித்து, மில்லில் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தியதை எதிர்த்து அவன் உண்ணாவிரதம் இருந்தான். கூட்டத்தின் ஓரத்தில் தள்ளி நின்று அவன் பேச்சைக் கேட்டேன். அவன் பேசியது ஒவ்வொன்றும் நியாயமாகவே பட்டது. பக்கத்தில் போகத்தான் பயமாக இருந்தது.