தலைப்பிரசவம் யார் வீட்டில்

"ரத்தப் பரிசோதனையெல்லாம் இங்க எதுக்கு? ஏழாம் மாசம் உங்க ஊருக்கு, கல்லாவிக்குப் போவேல்ல, உங்கம்மா பாத்துக்குவாங்க" என்று என் கணவர் ஆரம்பத்திலிருந்தே தடுத்துவந்தார். ஐந்தாம் மாதம் தலைச்சுற்றல் தாங்காமல், வார விடுமுறையில் நானாகவே ஓசூரில் அரசு மருத்துவமனைக்குப் போனேன். எச்.ஐ.வி. இருக்கிறது என்றார்கள்.

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா, அவரும் டெஸ்ட் எடுக்கணும்" என்றார் அங்கிருந்த ஆலோசகர். குழந்தைக்குத் தொற்றாமலிருக்க, வலி வந்ததும் எனக்கு ஒரு மாத்திரை, பிறந்ததும் குழந்தைக்கு மருந்து. இரண்டும் கிடைக்கிற ஆஸ்பத்திரியில்தான் பெற வேண்டும்.

நான் டிப்ளமோ படித்தவள். தொழிற்சாலையில் உதிரிபாகங்களைச் சோதிக்கிறேன். பழுது எந்தக் கட்டத்தில் புகுந்தது என்று பின்னோக்கிப் பார்ப்பதுதான் என் வேலை. என் விஷயத்தில் பார்க்க ஒரே ஒருவர்தான் இருந்தார். இருந்தும் அந்த வாரம் முழுக்க நான் அவரிடம் சொல்லவில்லை. குடியிருந்தது அவருடைய மாமா வீடு. வேலை வாங்கித் தந்தவர் அவருடைய சித்தப்பா. முதலில் சோதனைக்கு ரத்தம் கொடுத்தவள் நான். அதனால் கொண்டுவந்தவளும் நான்தான் என்பார்கள்.

இரண்டாம் ஷிப்டுக்குச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவரிடம் ஒருவழியாகச் சொன்னேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவே இல்லை.

"வேற யாருக்குத் தெரியும்?"

எப்படி வந்தது என்று கேட்கவில்லை. தனக்கும் இருக்குமா என்று கேட்கவில்லை. குழந்தையைப் பற்றியும் கேட்கவில்லை.

"உங்களுக்கு எப்பலர்ந்து தெரியும்?"

"கத்தாத, பக்கத்து வீட்ல இருக்காங்க."

"எப்பலர்ந்து?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே. இங்க யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கர்நாடகா பக்கம் ஆனேக்கல் போய் டெஸ்ட் எடுத்தேன். சொல்லியிருந்தா நீ கட்டியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தை அவர் எவ்வளவு கச்சிதமாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்று அப்போது புரிந்தது. கல்லாவியில் சோதித்துத் தெரிந்தால், அது எங்கள் வீட்டுச் சீக்கு. சோதிக்காமலே பிரசவம் முடிந்தால், யாருக்கும் எதுவும் தெரியாது. குழந்தைக்கு மருந்தும் கிடையாது. தன் பெயருக்காகப் பிள்ளையையே விட்டுக்கொடுக்கத் துணிந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து அம்மா செல்போனில் கூப்பிட்டாள். "வளைகாப்புக்கு நாள் பாத்தாச்சு. கூட்டிட்டு வர அஞ்சு பேரா வரட்டுமா, ஏழு பேரா?"

போனை அவரிடம் நீட்டினேன். "நீங்களே சொல்லுங்க."

"நல்லா இருக்கீங்களா அத்தை? உங்க பொண்ணு, உங்க இஷ்டம். சீக்கிரமே கூட்டிட்டுப் போங்க" என்றார், தேன் ஒழுக.

பிடுங்கிக்கொண்டேன். "அம்மா, பிரசவம் இங்கதான்."

"ஏன்டி, அவங்க வீட்ல ஏதாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் எதுவும் சொல்லலம்மா. அதான் பிரச்சனையே. உன் மருமகனுக்கு எச்.ஐ.வி. இருக்கு. தெரிஞ்சே என்னைக் கட்டிக்கிட்டாரு. இப்ப எனக்கும் இருக்கு. அப்பாவக் கூட்டிக்கிட்டு உடனே பஸ் ஏறு."

"என் மானத்த வாங்கிட்டியேடி!" என்று சொல்லிக்கொண்டே அவர் சீருடையை மாட்டினார். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

நான் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். "இன்னிக்கு லீவு சொல்லுங்க. அவங்க வந்ததும் இதையெல்லாம் உங்க வாயால சொல்லணும்."