எந்நேரமும் வெந்நீர்

அந்த விடுதியின் விளம்பர வேலை எங்களுக்கு வந்திருக்கிறது என்று அண்ணாச்சி சொன்னபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அத நானே எழுதுதேன் அண்ணாச்சி" என்றேன். எந்த வேலையையும் நானாகக் கேட்டு வாங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். சரி என்று தலையாட்டினார்.

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் விளம்பர ஆபீஸ். மூன்றே பேர். நடத்துகிறவர் அண்ணாச்சி. கடை கடையாக ஏறி இறங்கி வேலை பிடித்து வருவதும் அவர்தான். படமும் வீடியோவும் செய்கிறவள் கடையநல்லூரிலிருந்து தினமும் வருகிற பெண். அவள் மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார். என்னைவிடச் சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். எழுதுவது நான்.

குற்றாலத்திலிருந்து இலஞ்சிக்குப் போகிற சாலையில் இருக்கிற அந்த விடுதியில்தான், படிப்பு முடிந்ததும் எனக்கு முதல் வேலை. ரிசப்ஷனில் நின்றேன். நன்றாகவே நின்றேன். சீசனில் அருவியில் குளித்துவிட்டு ஈரத் துணியோடும் அழுகிற பிள்ளைகளோடும் வருகிறவர்கள் "ரூம் இருக்கா" என்று கேட்கும் தொனியிலேயே, இவர் வாடகைக்குப் பேரம் பேசுவார், இவர் ராத்திரி கொசு என்று சண்டை போடுவார் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதற்குத் தகுந்தபடி பேசி, சண்டை வருவதற்கு முன்பே முடித்துவைப்பேன்.

பிறகு எனக்கு வெண்புள்ளி வந்தது. முதலில் உதட்டோரம், அப்புறம் வலது கை விரல்கள். வலி கிடையாது, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை விடுதியில் எல்லோரிடமும் நானே சொல்லிவைத்தேன். ஒரு நாள் காலையில் ஒரு குடும்பத்துக்கு அறைச் சாவியை நீட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி பின்னால் வந்து என் கையிலிருந்து சாவியை எடுத்து அவரே கொடுத்தார். அவர்கள் படியேறுவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஏட்டி, தப்பா எடுத்துக்கிடாத. முகப்புல நிக்கதுக்கு ஒரு லெச்சணம் வேணும். நீ சாவி குடுத்தா வாங்குதவன் யோசிப்பாம்லா. பின்னால துணி ரூம்ல இருந்துக்கோ. சம்பளம் குறைக்க மாட்டேன்."

சத்தமாகவும் சொல்லவில்லை, மெதுவாகவும் சொல்லவில்லை. சாம்பார் கரண்டி வாங்கிவரச் சொல்வதுபோல் சொன்னார். படியேறிக்கொண்டிருந்த அம்மாள் திரும்பி என் கையைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை. நின்று நின்று கால் வலிக்கிறது என்று வீட்டில் சொன்னேன். அவர் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை. இன்றும் அவர் குரலிலேயே சொல்லிக்காட்ட முடியும்.

அண்ணாச்சி மதுரையில் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்வந்ததிலிருந்து ஒரு புதுப் பழக்கத்தைப் பிடித்திருந்தார். எந்த வேலையைத் தொடங்கினாலும், அவரவர் பொறுப்பு என்ன, பலம் என்ன என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கும் உட்காரவைத்தார்.

"எனக்கு வாயி" என்று அவரே ஆரம்பித்தார். "இல்லன்னு சொல்லுதவன்ட்ட மறுபடி போயி நிக்கதுக்கு எனக்கு வெக்கம் கெடையாது."

"எனக்குக் கண்ணு" என்றாள் கடையநல்லூர்க்காரி. "ஒரு இடத்தப் பாத்தா எங்கன நின்னு எடுத்தா அழகுன்னு தெரிஞ்சிரும்."

"நீ சொல்லும்மா."

"கேக்கது" என்றேன். "ஒருத்தர் பேசுதத வச்சே அவருக்கு என்ன வேணும்னு பிடிச்சிருவேன்."

"சரியாச் சொன்ன" என்றார் அண்ணாச்சி.

அதுவரை எனக்கு ஒரு பலம் இருப்பதாகவே நான் நினைத்ததில்லை. முன்னால் நிற்க முடியாமல் போனவள், ஒளிந்து உட்கார்ந்து எழுதுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு வாய்விட்டுச் சொன்ன பிறகுதான், இந்தக் காதை நான் எங்கே சம்பாதித்தேன் என்பது உறைத்தது. அந்த ரிசப்ஷனில்தான். எனக்கு வராத வேலையிலிருந்து முதலாளி என்னை எடுக்கவில்லை. எனக்கு நன்றாக வந்த வேலையிலிருந்து எடுத்திருக்கிறார். அது தெரிந்ததும் பழைய கோபம் புதிதாக எரிய ஆரம்பித்தது.

நானும் அண்ணாச்சியும் முதலாளியிடம் பேசப் போனோம். பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். "நம்ம பிள்ளைலா இது" என்று அண்ணாச்சியின் தோளைத் தட்டினார். "இங்கனதான் தொழில் படிச்சா. நான் வளத்துவிட்ட பிள்ள." முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே மறந்திருந்தார். நான் சிரித்தபடி உட்கார்ந்து, போனில் பேச்சைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார்.

அதே சாலையில் புதிதாக ஒரு விடுதி வந்து இவருடைய கூட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தது. அந்த எரிச்சலில் இருந்தார். எரிச்சலில் இருக்கிறவரைப் பேசவைப்பது சுலபம். "அவங்கள்ட்ட இல்லாதது உங்கள்ட்ட என்ன இருக்கு முதலாளி?" என்று கேட்டேன்.

"எந்நேரமும் வெந்நி. எத்தன மணிக்கு வந்தாலும் சுடுசோறு. அருவிக்குப் போக, வர நம்ம ஜீப்பு வாசல்லயே நிக்கும். எழுதிக்கோ."

மாடியில் இருப்பது ஒரே ஒரு பழைய பாய்லர், கூட்டம் வந்தால் காலையிலேயே பச்சைத் தண்ணீராகிவிடும் என்பது எனக்குத் தெரியும். சமையல்காரர் வேலை முடிந்ததும் அடுக்களையைப் பூட்டிவிடுவார். சீசன் முழுக்க அந்த ஜீப்பில் போகிறது முதலாளியின் சொந்தக்காரர்கள்தான். எதுவும் மாறவில்லை என்பதை வரும்போதே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டேன். வேறு யாராக இருந்தாலும், கொஞ்சம் அடக்கி எழுதலாம் என்று சொல்லியிருப்பேன். இவரிடம் சொல்லவில்லை.

"இதெல்லாம் எல்லா ஓட்டல்காரங்களும் சொல்லுததுதான்" என்றேன். "இதுல ஒண்ணு கெடைக்கலன்னாலும் வாடகை வேண்டாம்னு சேத்துப் போட்டா, எதுத்தாப்புல உள்ளவங்க வாயத் தெறக்க முடியாது."

முதலாளியின் கண் மின்னியது. அண்ணாச்சி இடையில் புகுந்து, "அந்த வரி வேண்டாம்னு நெனைக்கேன். கூட்டம் வரும்போது ஒண்ணு முந்திப் பிந்தி ஆகும்லா" என்றார்.

"போடுங்க வே. என் வார்த்தைக்கு நான் பொறுப்பு" என்றார் முதலாளி.

படியிறங்கும்போது அண்ணாச்சி என்னை நிறுத்தினார். "நீ அங்க இருந்தவ. இது சரியா வருமா?"

"அவிய சொல்லுதாவ, நாம எழுதுதோம்."

நான் எழுதியதிலேயே நல்ல விளம்பரம் அது. குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவனுக்கு என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும் அதில் இருந்தது. கடையநல்லூர்க்காரி அதற்கு எடுத்த வீடியோவைப் பார்த்தால் திரையிலிருந்து ஆவி முகத்தில் அடிப்பதுபோல் இருக்கும். சாரல் தொடங்கி அருவியில் தண்ணீர் விழுந்ததும் விடுதி நிறைந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலையில், தங்கியிருப்பவர்களைப் பேசவைத்து வீடியோ எடுப்பதற்காக நானும் அவளும் போனோம். வேலைதான். ஆனால் எனக்கு அங்கே என்ன பார்க்க வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும்.

வரவேற்பறை முழுக்க ஆட்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண், போனில் எங்கள் விளம்பரத்தைத் திறந்து ரிசப்ஷன் பெண்ணின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தாள். "எந்நேரமும் வெந்நீர்னு போட்டிருக்கீங்களே, பிள்ளைக்கு உடம்பு துடைக்கக்கூடத் தண்ணி வரலையே." விருதுநகர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர், ஜீப் எங்கே என்று கேட்டார். முதலாளியின் மச்சினி குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பழைய குற்றாலம் போயிருந்தது ஜீப். ரிசப்ஷன் பெண் எல்லோருக்கும் பதில் சொல்லப் பார்த்தாள். நான் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

முதலாளி வேட்டியை மடித்துக்கட்டியபடி வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் அந்தப் பெண்ணைக் காட்டி, "இவதான் ஏதோ தப்பாச் சொல்லியிருக்கா. புதுசு, ஒண்ணும் தெரியாது" என்றார்.

அதுவரை ஒரு தூணோரம் நின்று ருசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அவளைக் காட்டியதும் முன்னால் போனேன்.

"அந்தப் பிள்ள ஒண்ணும் சொல்லல" என்றேன் எல்லோருக்கும் கேட்கும்படி. "விளம்பரம் எழுதுனது நான். அதுல உள்ளது எல்லாம் முதலாளி சொன்னது. வாடகை வேண்டாம்ங்கிற வரிய நான் கேட்டேன், அவிய போடச் சொன்னாவ." போனை எடுத்து ரிசப்ஷன் மேஜைமேல் வைத்தேன். "அவிய குரலே இதுல இருக்கு. போடட்டுமா முதலாளி?"

முதலாளி போனைப் பார்த்தார். அதன்மேல் இருந்த என் விரல்களைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. முகத்தில் அது வந்து இறங்கியதை நான் பார்த்தேன். அதற்காகத்தான் நான் அந்த வேலையைக் கேட்டு வாங்கினேன்.

"வேண்டாம்" என்றார். பிறகு ரிசப்ஷன் பெண்ணிடம், "யாருட்டயும் வாடகை வாங்காத" என்றார்.

திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி புரோட்டாவும் கோழியும் சாப்பிட்டேன். அவ்வளவு பசித்து நான் சாப்பிட்டு வருஷக்கணக்காகியிருக்கும்.

திங்கட்கிழமை அண்ணாச்சி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "பழி வாங்குனியா?"

"ஆமா அண்ணாச்சி."

"என்ட்ட முன்னமே சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லியிருந்தா எனக்கு அந்த வேலையத் தந்திருக்க மாட்டியளே."

அவர் காரணம் கேட்டார், சொன்னேன். "ஆபீஸ் பேரு என்னத்துக்கு ஆவும்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா?" என்றார். யோசிக்கவில்லை. அதை அவரிடம் சொன்னேன். என் கோபத்தை அவர் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நாள் பெரிய வேலை எதையும் என்னிடம் தரவில்லை.

நான் எதிர்பார்க்காதது அதற்கப்புறம் நடந்தது. கொடுத்த வார்த்தையை எல்லோரும் பார்த்துவிட்டார்கள், பின்வாங்க வழியில்லை. முதலாளி புதுப் பாய்லர் இரண்டு வாங்கிப் போட்டார். ராத்திரிக்கு இன்னொரு சமையல்காரரை வைத்தார். சொந்தக்காரர்களை ஜீப்பிலிருந்து இறக்கினார். தங்கிப் போகிறவர்கள், சொன்னதைச் செய்கிற விடுதி என்று இணையத்தில் எழுத ஆரம்பித்தார்கள். நான் அதைத் தேடித்தேடிப் படித்தேன். ஒவ்வொன்றும் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அவரைக் கவிழ்க்க எழுதியது அவரை நிமிர்த்தி வைத்துவிட்டது. அண்ணாச்சியோ புது ஆட்களிடம் வேலை கேட்கப் போகும்போது அந்த விளம்பரத்தைத்தான் முதலில் காட்டுகிறார்.

சீசன் முடிகிற சமயத்தில் முதலாளி ஆபீஸுக்கு ஒரு கூடை மங்குஸ்தான் அனுப்பினார். அடுத்த விளம்பரத்தையும் நானே எழுத வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். ரிசப்ஷனில் நின்று, வேலைக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, என் கையிலிருந்து சாவியை எடுத்த அன்றைக்கு என்னிடம் பேசியது தப்பு என்று அவர் சொன்னால் எழுதுகிறேன் என்று அண்ணாச்சி மூலமாகச் சொல்லியனுப்பினேன். பதில் வரவில்லை. நானும் எழுதவில்லை.

கூடையை நான் தொடவில்லை. கடையநல்லூர்க்காரி ஒவ்வொன்றாக உடைத்துச் சாப்பிட்டாள், கையெல்லாம் ஊதாக்கறை.

"நல்லாருக்கா?" என்று கேட்டேன்.

"ரொம்ப இனிப்பா இருக்குக்கா. ஒண்ணு எடுத்துக்கோங்க."

"நீ சாப்பிடு" என்றேன்.