ஆரணியில் மாமா வீட்டுத் தறிக்குழியும் பச்சைச் சிலையும்

காலாண்டு விடுமுறை விட்டதும் ஆரணிக்குக் கிளம்பினேன். மாமா வீட்டில் புதுக் குழித்தறி போடுகிறார்கள். தரையில் குழி வெட்டி, அதில் கால்களைத் தொங்கவிட்டு நெய்யும் தறி அது. குழி வெட்டுவதிலிருந்தே பார்க்க ஆசை. கலசப்பாக்கத்தில் காலை ஏழு மணிக்கு பஸ் ஏறி, போளூரில் மாறினால் ஒன்பதுக்குள் ஆரணி. அங்கிருந்து ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

நான் போனபோது குழி முழங்கால் ஆழம். மாமா கையில், குழி வெட்டும்போது கிடைத்த ஒரு சாண் உயரச் சிலை. பச்சைக் களிம்பு ஏறி முகமே தெரியவில்லை. அடுப்பில், பட்டு நூலின் பசையெடுக்கச் சோப்பும் சோடாவும் போட்ட தண்ணீர் கொதித்தது. சிலையை அதில் இறக்கப் போனார்!

"வேணாம் மாமா! களிம்போட மூக்கும் போயிடும்!"

"பட்டுப் பசையே போவுது, இது போவாதா? நீ இன்னா பெரிய கலெக்டரா?"

"கலெக்டருக்குத்தான் எழுதணும் மாமா." புதைந்து கிடந்த பழம்பொருள் கிடைத்தால் என்ன, எங்கே, எப்போது என்று எழுதித் தெரிவிப்பது சட்டப்படி கடமை, மறைத்தால் தண்டனை உண்டு என்று நூலகத்தில் படித்ததைச் சொன்னேன்.

அத்தைக்குத்தான் கோபம். "சொன்னா குழி வேலைய நிறுத்தச் சொல்லுவாங்க. அடுத்த வாரம் முகூர்த்தப் புடவ ஏத்தலன்னா ஆர்டர் வேற ஊட்டுக்குப் போயிடும். பேஜாரா பூடும்!"

மாமா குழியையே பார்த்தார். "மறைச்சிட்டு, தெனம் அதே எடத்துல கால வெச்சிகினு எப்டிம்மா நெய்யறது?" என்றவர், வி.ஏ.ஓ.வுக்கு போன் போட்டார்.

மதியம் வி.ஏ.ஓ.வும் தாசில்தார் அலுவலக ஆட்களும் வந்தார்கள்.

"கழுவினீங்களா?"

"எங்க கழுவறது? தங்கச்சி பொண்ணு உட்டாத்தானே!"

படமெடுத்து, ஒப்புகை எழுதிக் கொடுத்து, சிலையை எடுத்துக்கொண்டார்கள். தொல்லியல் துறையினர் பார்க்கும்வரை குழியைத் தொடக் கூடாதாம். அத்தை பயந்தபடியே ஆயிற்று.

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், விசைத்தறிக்கு மாறியவர், வாசலிலிருந்தே கத்தினார்: "எங்கூட்டுக் குழி சும்மாத்தானே கீது! வெங்காயம் கொட்டி வெச்சிருக்கேன், ஜல்தியா அள்ளிட்டாப் போச்சு!"

அத்தை சிரித்துவிட்டார். மாலைக்குள் எல்லோருமாக வெங்காயத்தை அள்ளினோம்.

உங்கள் பயணத்திலோ வீட்டிலோ இப்படி ஏதாவது கிடைத்தால் கழுவாதீர்கள், மேற்கொண்டு தோண்டாதீர்கள். இடத்தோடு படமெடுத்து, வி.ஏ.ஓ. அல்லது தாசில்தாரிடம் சொல்லி, கலெக்டருக்கும் எழுதுங்கள். பொருளைக் கொடுத்தால் ஒப்புகை கேட்டு வாங்குங்கள்.

முகூர்த்தப் புடவை இப்போது பக்கத்து வீட்டுக் குழியில் ஒரு முழம் வளர்ந்திருக்கிறது. மாம்பழ நிறம், அரக்குக் கரை, லேசாக வெங்காய வாசம். கல்யாணப் பெண்ணிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.