அம்மாவின் இருமலும் மேடத்தின் பேச்சும்

பீடி சுற்றும் சுளவை மடியிலிருந்து இறக்காமலே அம்மா இருமுவாள். முறத்திலிருக்கும் இலையும் தூளும் சிந்திவிடாதபடி முகத்தை மட்டும் தோள்பக்கம் திருப்பிக்கொள்வாள். ஆழ்வார்குறிச்சிப் பக்கத்தில் எங்கள் தெருவில் இருமாத பெண்ணே கிடையாது. எல்லாம் புகையிலைத் தூள் செய்கிற வேலை என்று கருப்பட்டித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு சுற்றுவார்கள். காசநோய்க்கு அதைவிட வசதியான மறைவிடம் கிடைத்திருக்காது.

சுகாதாரத் துறையிலிருந்து வந்த மேடம் ஒருவர்தான் அம்மாவைப் பரிசோதனைக்குச் சம்மதிக்க வைத்தார். எங்கள் வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பார். 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். நோய் உறுதியானதும் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தெருவுல ஒருத்திக்கும் தெரியக் கூடாதும்மா" என்றாள். "என் வாயில இருந்து வராதுக்கா" என்றார் மேடம். அம்மா மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கித் தேறினாள்.

பிறகு ஒருநாள் சுற்றிய பீடியைக் கொடுக்கப் பெண்கள் கடை வாசலில் காத்திருந்தார்கள். நானும் அம்மாவோடு நின்றேன். மேடம் காசநோயைப் பற்றிப் பேசினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சட்டென்று அம்மாவின் தோளில் கைபோட்டு, "இந்தா, நம்ம அக்காவுக்கு வந்ததும் காசம்தான். இப்ப எப்படி இருக்கா பாருங்க" என்றார். அம்மா குனிந்த தலையை வீடு வந்து சேரும்வரை நிமிர்த்தவில்லை.

அந்த வாரமே பல பெண்கள் பரிசோதனைக்குப் போனார்கள். போனவர்களும் சேர்ந்துதான் அம்மாவை ஒதுக்கினார்கள். மரத்தடியில் கூடிப் பேசிச் சிரித்துச் சுற்றும் கூட்டத்தில் அவளுக்கு இடமில்லை. கடைசிவரை வீட்டுக்குள் தனியாகச் சுற்றினாள். "மாத்திரை தந்த கையாச்சே, ஏசவும் முடியல" என்பாள். எனக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. நம்பவைத்துக் கழுத்தறுத்தார் என்றுதான் இன்றும் சொல்வேன்.

இப்போது நானே கிராமச் செவிலியர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். அறிவுரைக்கு அசையாத சனங்கள், தங்களைப் போன்ற ஒருத்தி பிழைத்ததைக் கண்ணால் கண்டால் அசைவார்கள் என்பது பாடம். பொய்யான பாடமில்லை, எங்கள் தெருவே அதற்குச் சாட்சி. ஆனாலும் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் அம்மாவின் குனிந்த தலைதான் கண்முன் வருகிறது.

ஓய்வுபெற்றுவிட்ட மேடத்தைச் சமீபத்தில் பாளையங்கோட்டையில் பார்த்தேன். "உங்க அம்மாவால எத்தனை பேரு பொழைச்சாவ தெரியுமா?" என்று பூரித்தார்.

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன்.

மேடம் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "கேட்டா வேண்டாம்னுல்லா சொல்லியிருப்பா. அதான் கேக்கல."